கழலாத முனை

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் துளி சார் ஆறு வாரம் உழைத்துத் தயாரித்த புரதத்தை ஒரே அழுத்தில் பாழாக்கினார். சரியாகச் சொன்னால், அழுத்தாமல் பாழாக்கினார்.

அவர் கையில் இருந்தது பிப்பெட். தடித்த பேனா மாதிரி இருக்கும். நுனியில் ஒரு பிளாஸ்டிக் முனையைச் செருகிப் பெருவிரலால் அழுத்தி விட்டால், ஒரு சொட்டுத் தண்ணீரில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூட அளந்து உறிஞ்சிவிடும். வேலை முடிந்ததும் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் பழைய முனை கழன்று குப்பை டப்பாவில் 'டொக்' என்று விழும். புது முனை செருகிக்கொண்டுதான் அடுத்த குப்பியைத் தொடலாம். 'ஒரு முனை, ஒரு முறை' என்பது அந்த ஆய்வகத்தின் முதல் சட்டம். அதைக் கொட்டை எழுத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியவரும் துளி சார்தான். சட்டம் எழுதினவனே சட்டத்தை மீறுவது உலகத்தில் முதல் தடவை அல்ல என்பது ஒன்றுதான் ஆறுதல்.

நடந்தது இவ்வளவுதான். கெட்ட புரதக் குப்பியிலிருந்து ஒரு துளி எடுத்துச் சோதனைத் தட்டில் விட்டார். பொத்தானை அழுத்தினார். அந்த நேரம் பார்த்து ஆராய்ச்சி மாணவி வந்து, "சார், ஐஸ் எங்கே இருக்கு?" என்றாள். "கீழ் டிராயர்ல," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பிப்பெட்டில் முனை இருக்கிறது. முனை இருந்தால் அது புது முனை. இருபத்திரண்டு வருடத்தில் அது பழைய முனையாக இருந்ததே இல்லை. அதையே நல்ல புரதம் இருந்த பெரிய குப்பிக்குள் விட்டார். பிறகு அந்தப் பெரிய குப்பியை நாற்பது சிறு குப்பிகளில் பங்கு போட்டு, பெயர் எழுதி, ஃப்ரீசரில் அடுக்கி, கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போனார். பாவம், பசியோடு போனார்.

இந்தப் புரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது எல்லோர் மூளையிலும் இருக்கிறது. நரம்பு முனைகளில் என்னவோ வேலை செய்கிறது. என்ன வேலை என்று இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது, ஆனால் தினமும் தவறாமல் ஆஜராகிவிடுகிறது. பெரிய அலுவலகங்களில் இப்படிச் சிலரை நாம் பார்த்திருக்கிறோம். தொந்தரவு எப்போது என்றால், இதில் ஒன்று கோணலாக மடிந்துகொள்ளும்போது. கோணல் சும்மா இருக்காது. பக்கத்தில் இருக்கிற நல்லதைத் தொடும். தொட்டதும் அதுவும் அதே மாதிரி கோணிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து மூன்றாவதைத் தொடும். ஆய்வகத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குத் துளி சார் இதை வரிசையை வைத்து விளக்குவார். "கவுன்டர் முன்னால அம்பது பேர் ஒழுங்கா நிக்கிறாங்கன்னு வெச்சுக்குங்க. ஒருத்தன் முண்டறான். அவன் பின்னாடி நிக்கிறவன் 'நான் மட்டும் இளிச்சவாயனா'ன்னு முண்டறான். அஞ்சு நிமிஷத்துல வரிசையும் இல்ல, கவுன்டரும் இல்ல." கோணல்கள் ஒட்டிச் சேர்ந்த கட்டிகள் செல்லுக்குச் செல் தாவி, மூளையில் இடத்துக்கு இடம் பரவுவதுதான் பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய் என்பது அந்த ஆய்வகம் இருபது வருடமாகத் துரத்திக்கொண்டிருக்கும் கணக்கு.

துளி சாருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெளிநாட்டு இயந்திரத்தோடு பந்தயம் வைத்தார்கள். நூறு துளி விட வேண்டும். இயந்திரம் இரண்டில் பிசகியது, இவர் ஒன்றில். அன்றிலிருந்து அவர் கை ஆய்வகத்தின் சொத்து. இரண்டு வருடமாக இன்னொரு பெருமையும் சேர்ந்திருந்தது. அழுகின முட்டை மாதிரி நாறும் ரசாயனம் ஒன்று உண்டு. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். துளி சார் மட்டும் ரோஜாத் தோட்டத்தில் நிற்பவர் போல அதைக் கலப்பார். "மனசைக் கட்டுப்படுத்தினா மூக்கு கட்டுப்படும்," என்று உபதேசம் வேறு.

வியாழக்கிழமை மாணவி நாலு குப்பிகளை எடுத்துச் சோதனை வைத்தாள். எல்லாவற்றுக்கும் படம் போட்டுக் காட்டுவாள் என்பதால் அவளுக்குக் கிராஃப் என்று பெயர். கட்டி சேர்ந்தால் ஒளிரும் ஒரு சாயத்தைப் புரதத்தோடு கலந்து வைத்தால், கணினித் திரையில் ஒரு கோடு நகரும். நல்ல புரதமென்றால் இரண்டு மூன்று நாளைக்குக் கோடு படுத்தே கிடக்கும். அன்றைக்கு மூன்று மணி நேரத்தில் நாலு கோடும் மலையேறின. இன்னும் நாலு எடுத்தாள். அவையும் ஏறின. சாயங்காலத்துக்குள் நாற்பதும் கெட்டுப்போனது உறுதியாகிவிட்டது.

பேராசிரியை வந்தார். ஆய்வகத்தின் தலைவி. நேருக்கு நேர் 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'இருக்கலாம் மேடம்'. முப்பது வருட ஆராய்ச்சியில் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு சொற்களையும் தொலைத்துவிட்டவர். "காபி குடிக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டால், "குடிக்கிற நிலையில் இருக்கலாம்," என்பார்.

"நாற்பதும் ஒரே மாதிரின்னா," என்றார் மேடம், "ஒரு பொதுவான காரணம் இருக்கலாம்."

அந்தக் கணத்தில்தான் துளி சாரின் காதுக்குள் ஓர் ஒலி கேட்டது. சரியாகச் சொன்னால், கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பொத்தான், மாணவி, ஐஸ், கீழ் டிராயர். எல்லாம் இருந்தது, நடுவில் அந்த 'டொக்' மட்டும் இல்லை. பெருவிரல் அழுத்தியது என்று அவர் நினைத்தார். பெருவிரலோ போகிற போக்கில் தொட்டுவிட்டு வந்திருக்கிறது.

பெருவிரல் ஏன் அப்படிச் செய்தது என்று யோசித்ததும் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். இந்த நோயைப் பற்றி நாள் முழுக்கக் காது கொடுத்தவர் அவர். விரல் மந்தமாவது, மூக்குக்கு வாசனை தெரியாமல் போவது, சும்மா மடியில் கிடக்கும் கை மாத்திரை உருட்டுவதுபோல உருட்டிக்கொண்டிருப்பது, எல்லாம் மனப்பாடம். இத்தனை நாள் பாடமாக இருந்தது, இப்போது ஆளைப் பார்த்துத் திரும்பியது. தவறை ஒப்புக்கொண்டால் விரலை ஒப்புக்கொள்ள வேண்டும். விரலை ஒப்புக்கொண்டால் நோயை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஃப்ரீசர்ல ஏதோ கோளாறு போல மேடம்," என்றது அவர் வாய். அவரைக் கேட்காமலே சொன்னது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரிந்தவரே சொன்னார்.

*

அவர் வீட்டு முன்னறையில்தான் மனைவியின் கடை. தையல் மெஷின், அதைச் சுற்றிச் சீட்டுக் குத்திய கால்சட்டைகள், இடுப்பு பெருத்தவர்களின் மன உளைச்சல்கள். புதுத் துணி தைப்பதில்லை, ஆல்டரேஷன் மட்டும். ஊரில் யார் இளைத்தார், யார் பெருத்தார் என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். வெளியே மூச்சு விடமாட்டாள்.

அன்று சாயங்காலம் துளி சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். கையில் ஒரு காகிதம்.

"ஏம்மா, நான் தூக்கத்துல கத்தறேனா?"

மனைவியின் உதட்டில் நாலு குண்டூசிகள் இருந்தன. "ம்," என்றாள்.

"உதைக்கறேனா?"

"ம்ம்."

"வாயைத் திறந்து சொல்லேன்."

ஊசிகளை எடுத்து ஊசி குத்தும் குட்டி மெத்தையில் குத்தினாள். "நேத்து யாரைத் துரத்தினீங்களோ தெரியல. அதுக்குத்தான் நடுவுல ரெண்டு தலகாணி வெச்சிருக்கேன். பாவம், அதுங்க வாங்குது. வேலை அலுப்புங்க, வேற ஒண்ணுமில்ல."

"மூக்கு?"

"மூக்குக்கு என்ன, மூஞ்சி நடுவுல இருக்கு."

"வாசனை தெரியலையே. பால் தீஞ்சு பாத்திரமே கருகினப்ப நான் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தேனே."

"அது மூக்கு இல்ல, பொறுப்பு. கல்யாணம் ஆன நாளா அப்படித்தான்."

"சிரிக்காத. இதைக் கேளு." காகிதத்தைப் பிரித்தார். "இது சில பேருக்கு மூக்குல ஆரம்பிக்குதாம், சில பேருக்குக் குடல்ல. எல்லாருக்கும் இப்படித்தான்னு மேடம் ஒத்துக்கமாட்டாங்க, அது வேற. குடல்ல ஆரம்பிச்சா ஒரு நீள நரம்பு வழியா மெதுவா மேல ஏறும். கழுத்துக்குப் பின்னாடி, மூளைத் தண்டு. அங்க தூக்கத்தைக் கெடுக்கும். அப்புறம் இன்னும் கொஞ்சம் மேல, கருப்பா ஒரு சின்ன இடம். அங்க போனாத்தான் கை காலு. இதெல்லாம் பத்து இருவது வருஷம் எடுக்கும்."

"பஸ் ரூட் மாதிரி சொல்றீங்க."

"ரூட் தெரியும். இப்ப எந்த ஸ்டாப்ல நிக்குதுன்னுதான் தெரியல."

மனைவி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். மேலே முதல் வரி ஓரளவு பெரிதாக இருந்தது. கீழே போகப் போக எழுத்துகள் சுருங்கி, கடைசி வரி எறும்பு ஊர்ந்தது மாதிரி ஆகியிருந்தது.

"எழுத்து சின்னதா இருக்கே," என்றாள்.

"அதுவும் லிஸ்ட்ல இருக்கு. ஆறாவது."

"காகிதம் மிச்சம்," என்றாள் சட்டென்று. மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நேரா ஒரு பதில் சொல்லு. எனக்கு அது இருக்குன்னு நினைக்கிறியா?"

மெத்தையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். நாலையும் உதட்டில் வைத்துக்கொண்டாள். யாருடையதோ கால்சட்டையின் மடிப்பில் குனிந்தாள். அந்தக் கடையில் அதற்கு மேல் எவனும் பேச முடியாது.

*

வெள்ளிக்கிழமை ஃப்ரீசர் மெக்கானிக் வந்தார். பதினொரு வருடமாக அந்தக் கட்டடத்தின் குளிர்பெட்டிகள் எல்லாம் அவர் பொறுப்பு. ஃப்ரீசரை 'இவ' என்றுதான் சொல்வார். வந்ததும் கதவில் காது வைத்துக் கேட்டார். பின்னால் போய்க் கை வைத்துப் பார்த்தார். இரண்டு மணி நேரம் பிரித்து மேய்ந்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்தார்.

"இவ மேல ஒரு தப்பும் இல்ல. மைனஸ் எண்பதுன்னா எண்பதுதான். ஒரு டிகிரி முன்ன பின்ன போகமாட்டா. தங்கம்."

"அப்ப இது என்ன?" என்று கிராஃப் ஒரு தாளை நீட்டினாள். ஃப்ரீசரின் ஒரு வார வெப்பநிலை. நேர்கோடு, புதன்கிழமை மதியம் மட்டும் ஒரு சின்ன மேடு.

அந்த மேடு கிராஃபின் கைவரிசை என்பது துளி சாருக்குத் தெரியும். புதன்கிழமை ஃப்ரீசரைத் திறந்துவைத்துக்கொண்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கே அது ஞாபகம் இல்லை. இவர் சொல்லியிருக்கலாம். இவருக்கு அந்த மேடு தேவைப்பட்டது.

"கதவைத் திறந்தா இவ்வளவு ஏறும்," என்றார் மெக்கானிக்.

"திறந்தா மட்டுமா ஏறும்?" என்றாள் கிராஃப். "மோட்டார் திக்கினாலும் ஏறலாம்ல? நாப்பது குப்பி சும்மாவா கெட்டுப்போகும்?"

"தரவு அந்தத் திசையில் சுட்டுவது மாதிரி தோன்றலாம்," என்றார் மேடம்.

மூன்று பேரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். மூன்றாவது ஆள் துளி சார்; அவர் மெக்கானிக்கின் செருப்பைப் பார்த்தார். மெக்கானிக் மறுபடி ஃப்ரீசர் பக்கம் திரும்பினார். கதவின் ரப்பர் விளிம்பைத் தடவினார். தலையைச் சாய்த்தார்.

"ஒருவேளை..." என்றார். "இந்த ரப்பர் லேசா இறுகினாப்பல இருக்கோ? போன தடவை நான்தான் பார்த்தேன். சரியாத்தான் பார்த்தேன்... பார்த்தேனான்னு..."

துளி சார் செருப்பிலிருந்து கண்ணை எடுத்தார். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் இரும்புக் கம்பி மாதிரி நேராக நின்ற ஆள், இவருடைய ஒரு பொய் தொட்டதும் கண்ணெதிரே வளைகிறார். கிராஃப் ஏற்கனவே வளைந்து, படம் போட்டுவிட்டாள். மேடம் பாதி வளைந்துவிட்டார். இருபது வருடம் கண்ணாடித் தட்டில் பார்த்ததை இப்போதுதான் ஆள் உயரத்தில் பார்க்கிறார். சாயம் ஊற்றினால் அறையே ஒளிரும்.

"திங்கட்கிழமையிலிருந்து பராமரிப்பை வேறு யாரிடமாவது கொடுப்பது பற்றி யோசிக்க வேண்டி வரலாம்," என்றார் மேடம். மெக்கானிக் ஃப்ரீசரின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார். அன்பான தட்டு இல்லை. பதினொரு வருடத்தில் முதல் தடவையாகச் சந்தேகத் தட்டு.

அந்தத் தட்டுதான் துளி சாரை உடைத்தது.

"மேடம், ஃப்ரீசர் இல்ல. நான்தான். முனையை மாத்தல. அழுத்தினேன், விழல. அதே முனையை நல்ல குப்பிக்குள்ள விட்டுட்டேன்."

ஃப்ரீசர் உறுமியது. பாராட்டுகிறதா திட்டுகிறதா என்று சொல்ல முடியாத உறுமல்.

"அது ஒரு சாத்தியமான விளக்கம்தான்," என்றார் மேடம்.

"விளக்கம் இல்ல மேடம். குத்தத்தை ஒத்துக்கறேன்."

"நீங்க அப்படி நம்பலாம். ஆனா ஒரு தடவை நடந்ததை வெச்சு முடிவுக்கு வரக்கூடாது. திரும்பச் செய்து பார்க்கணும்."

ஆகவே திரும்பச் செய்தார்கள். உலகத்தில் வேறு எந்த வேலையிடத்திலும் ஒருவன் 'தப்பு என் மேல்' என்றால் சட்டையைப் பிடிப்பார்கள். இங்கே பத்து முனைகளை எடுத்து வரிசையாக வைத்தார்கள். துளி சார் செருக வேண்டும், அழுத்த வேண்டும். கிராஃப் கட்டம் போட்டுக் குறித்தாள். மெக்கானிக் நடுவர் மாதிரி குப்பை டப்பாவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

டொக். டொக். டொக். நாலாவது விழவில்லை. டொக். டொக். ஏழாவது தொங்கிக்கொண்டே நின்றது. டொக். டொக். பத்தாவதற்குத் துளி சார் பல்லைக் கடித்து, நெற்றி நரம்பு புடைக்க அழுத்தினார். முனை அசையவில்லை.

"பத்துல மூணு," என்றாள் கிராஃப். வழக்கமாக உற்சாகமாகச் சொல்பவள், அன்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அந்தக் காகிதத்தில் படம் போடவும் இல்லை.

மெக்கானிக் எழுந்து நேரே ஃப்ரீசரிடம் போனார். "நானே உன்னைச் சந்தேகப்பட்டுட்டேனே," என்றார். பிறகு துளி சாரிடம் வந்து, "சார், முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு மணி நேரம் மிச்சம்," என்றார். கோபமாக ஆரம்பித்த வாக்கியம். பாதியில் அவர் கண் துளி சாரின் கையில் விழுந்தது. மேசை மேல் சும்மா கிடந்த வலது கை, பெருவிரலும் ஆட்காட்டி விரலுமாக எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. வாக்கியத்தின் மீதியை அவர் மெதுவாகச் சொல்லி முடித்தார்.

மேடமும் பார்த்தார்.

"மேடம், நீங்க இருபது வருஷமா இதைத்தானே பார்க்கறீங்க. இது அதுதானா?"

"நடுக்கத்துக்குப் பல காரணம் இருக்கலாம்."

"நம்ம குப்பியிலேர்ந்து எனக்கு ஒட்டியிருக்குமோ?"

"அப்படி மனுஷங்களுக்குப் பரவியதா இதுவரைக்கும் ஆதாரம் இல்லை."

"இதுவரைக்குமா?"

"அதை விட நல்ல வார்த்தை எங்கிட்ட இல்லை." மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கனவே துடைத்த கண்ணாடி. "நான் மருத்துவர் இல்லைங்க. நரம்பு டாக்டர்கிட்ட நானே பேசறேன். புதன்கிழமை போங்க. வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டுப் போங்க."

ஏழு வாக்கியத்தில் ஒரே ஒரு 'இருக்கலாம்'. அதிலேயே துளி சாருக்குப் பாதி பயம் வந்துவிட்டது.

*

நரம்பு டாக்டர் சிரித்த முகக்காரர். அறையில் ஒரு பிளாஸ்டிக் மூளை இருந்தது. மூடி திறந்து உள்ளே பேனாக்கள் போட்டு வைத்திருந்தார். துளி சார் தன் காகிதத்தை நீட்டினார். டாக்டர் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "லென்ஸ் வேணும்போல இருக்கே," என்று சிரித்தார்.

"அதுவும் ஒரு அறிகுறிதான் டாக்டர். ஆறாவது."

"எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டா நான் எதுக்கு?"

சோதனை ஆரம்பித்தது. பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை குருவி மாதிரி கொத்தியது. வலது கை நன்றாகத் தொடங்கி, போகப் போகச் சிறுத்து, நடுவில் எதையோ மறந்தது மாதிரி நின்றது. நடக்கச் சொன்னார். கதவு வரை போய்த் திரும்பினார். துளி சாருக்கு ஒழுங்காக நடந்ததாகத்தான் தோன்றியது. டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். பின்னாலிருந்து தோளைப் பிடித்துச் சட்டென்று இழுத்தார். விழவில்லை. முழங்கையை மடக்கி நீட்டினார்.

"என்ன டாக்டர்?"

"பார்ப்போம்."

"பார்த்துட்டுத்தானே இருக்கீங்க?"

"இன்னும் பார்ப்போம். சட்டையைக் கழட்டிட்டு மறுபடி போடுங்க. பட்டன் எல்லாம் போடணும். நான் நேரம் பார்க்கறேன்."

துளி சார் சட்டையைக் கழற்றினார், போட்டார். டப், டப், டப் என்று மேலிருந்து கீழ்வரை ஏழு பட்டன். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புருவம் ஏறியது.

"ஒம்பது விநாடி."

"அதிகமா டாக்டர்?"

"அதிகமா? எனக்கே பதினாறு ஆகும்." பேனாவால் தாடையைத் தட்டினார். "இது பொருந்தலையே. விரல் இவ்வளவு மந்தமா இருக்கிறவர் பட்டன் கிட்டயே போகமாட்டார். முதல்ல கஷ்டப்படறதே பட்டன்லதான்." குறிப்பேட்டில் எதையோ அடித்தார். "தோள்பட்டை இறுக்கமா இருக்கலாம். கழுத்து எலும்பா இருக்கலாம். ஒரே வேலையை வருஷக்கணக்கா செஞ்சதால பெருவிரல் தசைநார் தேய்ஞ்சிருக்கவும் கூடும். நீங்க பயப்படற நோயா இருக்க வேண்டியதில்லை. ஆறு மாசம் கழிச்சு வாங்களேன்."

துளி சாருக்கு அப்படியே பறக்கலாம்போல இருந்தது. பட்டன்! இத்தனை அறிகுறிக்கும் எதிராக ஏழே ஏழு பட்டன் நின்று ஜெயித்துவிட்டது. ஒரு வருடமாகவே சட்டை போடுவது சுலபமாகத்தான் இருந்தது. வயசு ஏற ஏற விரலுக்குப் பக்குவம் வருகிறது என்று நினைத்திருந்தார்.

"பார்த்தியா?" என்று மனைவி பக்கம் திரும்பினார். "தசைநாராம்! நான்தான் தேவையில்லாம பஸ் ரூட்டெல்லாம் போட்டுக் குழப்பிட்டேன். வா, போற வழியில நல்லதா ஏதாவது சாப்பிட்டுப் போலாம்."

மனைவி எழுந்திருக்கவில்லை. மடியில் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளுக்கும்வரை இறுக்கியிருந்தாள்.

"டாக்டர்," என்றாள். "அது பட்டன் இல்ல."

"என்னம்மா?"

"பிரஸ் பட்டன். அழுத்தினா மாட்டிக்கும். மேல தெரியறது சும்மா, அழகுக்குத் தெச்சது. பட்டன் துளையையும் நான் மூடித் தெச்சிட்டேன்."

டாக்டர் மேசையைச் சுற்றி வந்து, துளி சாரின் மார்புக்கு நேரே குனிந்தார். ஒரு பட்டனைப் பிடித்து இழுத்தார். 'டப்' என்று விட்டுக்கொண்டது. மறுபடி அழுத்தினார், மாட்டிக்கொண்டது. இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தார்; வேலை அவ்வளவு சுத்தம்.

"பிரமாதமா தெச்சிருக்கீங்க," என்றார், தன்னை அறியாமல்.

துளி சார் குனிந்து தன் சட்டையையே வேற்றுச் சட்டை மாதிரி பார்த்தார். கைப்பட்டன், அதுவும் பிரஸ். காலர் பட்டன், அதுவும். ஒரு குப்பியில் ஒரு தூசு கூடுதலாக இருந்தால் கண்டுபிடிக்கிற ஆள். தினமும் காலையில் தன் நெஞ்சின் மேலேயே இப்படி ஒரு மோசடி நடந்திருக்கிறது.

"எதுக்கு இப்படி..." என்றார்.

மனைவி கைப்பையின் வாரை இன்னொரு சுற்று சுற்றினாள்.

அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டர், இப்ப சொல்லுங்க. பட்டன் கணக்கு போச்சு. மிச்சத்தை வெச்சு சொல்லுங்க. இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை போதும். போன வியாழக்கிழமையிலேர்ந்து கேட்டுட்டு இருக்கேன், ஒருத்தர் இருக்கலாம்னாங்க, ஒருத்தி ஊசியைக் கடிச்சிட்டா, நீங்க பார்ப்போம்கறீங்க. நான் நாள் பூரா 'சாத்தியம்'ங்கற வார்த்தைக்கு நடுவுல வேலை செய்யறவன் டாக்டர். எனக்கு அது போதும் போதும்னு ஆயிடுச்சு."

டாக்டர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் மூளையை எட்டி இழுத்து வைத்துக்கொண்டார். "அதாவது, மருத்துவத்துல ஒரே வார்த்தைங்கறது பொதுவா..."

"இருக்குங்க," என்றாள் மனைவி.

டாக்டர் வாயை மூடினார். மூளையை மெதுவாகத் தள்ளி வைத்தார். துளி சார் அவரைப் பார்த்தபோது, டாக்டர் தலையை மேலும் கீழுமாக ஒரே ஒரு தடவை அசைத்தார்.

"இருக்கு," என்றாள் மறுபடி. கண்ணைக் கணவரைவிட்டு எடுக்கவில்லை. "போன வருஷம் குளிர்ல ஒரு நாள் சட்டையைப் போட்டுட்டு, மூணாவது பட்டனோட அரை மணி நேரம் நின்னீங்க. கண்ணாடி முன்னாடி. நான் கதவுக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்தேன். அன்னிக்கே தெரியும். நடக்கறப்ப வலது கை வீசறது இல்ல, அதுவும் தெரியும். எல்லாம் தெரியும். உங்க சட்டை மொத்தம் பன்னெண்டு, பதினொண்ணு மாத்திட்டேன். கட்டம் போட்டது ஒண்ணுதான் பாக்கி, அதுக்கு ஏத்த கலர் பட்டன் கிடைக்கல."